அறுபது பௌர்ணமி

கல்யாண வீட்டில் பெண்கள் போடும் கணக்கை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பணக் கணக்கைச் சொல்லவில்லை. மணிக் கணக்கைச் சொல்கிறேன். முகூர்த்தம் காலை ஏழரை மணி என்று பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அப்படியானால் ஏழு மணிக்குள் பெண்ணின் அலங்காரம் முடிந்திருக்க வேண்டும். தலை பின்னிப் பூத் தைக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே ஐந்தரைக்கு அவள் வந்து உட்கார வேண்டும். அதற்கு முன்னால் குளியல். குளியலுக்கு முன்னால் வெந்நீர். ஆகவே நாலரை மணிக்கு அடுப்பில் அண்டா ஏறியாக வேண்டும். ஏழரையில் ஆரம்பித்த கணக்கு, படிப்படியாய் இறங்கி, நாலரையில் வந்து நிற்கிறது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் நமக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆனால் பண விஷயத்தில் மட்டும் நாம் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். "வருவதைக் கொண்டு செய்வோம், மிஞ்சினால் பார்ப்போம்" என்கிறோம். மிஞ்சுவதுமில்லை, பார்ப்பதுமில்லை! முகூர்த்தத்திலிருந்து அடுப்புக்கு இறங்கிய மாதிரி, வேண்டிய தொகையிலிருந்து இன்றைய வேலைக்கு இறங்கி வந்தால் என்ன? அப்படி இறங்குவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு படிக்கட்டே கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் படிக்கட்டில் என் தங்கை ஏறி இறங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தங்கை திருவண்ணாமலையில் குடியிருக்கிறாள். அவள் கணவரின் சம்பளம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாய் இருக்கும். மகள் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். அந்தப் பெண்ணைச் சேர்ப்பதற்காகத்தான் எங்கள் அம்மா போட்டுக்கொண்டிருந்த நாலு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வட்டியும் முதலுமாக 96,000 ரூபாய் கட்டினால் வளையல் வீட்டுக்கு வரும். ஒரு வருஷத்துக்குள் கட்டாவிட்டால் மூழ்கிப் போகும்.

தங்கையிடம் ஒரு சிறு வியாபாரம் இருந்தது. பௌர்ணமிதோறும் அண்ணாமலையை வலம் வர லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள் அல்லவா? மலையைச் சுற்றிப் பாதை 14 கிலோமீட்டர். சாயங்காலம் கிளம்பி ராத்திரி முழுக்க நடப்பார்கள். அவர்களுக்குப் புளியோதரைப் பொட்டலம் விற்பாள் தங்கை. அவள் கைப் புளியோதரையைப் பற்றி நான் சொல்லக் கூடாது. கூடப் பிறந்தவள் சொன்னால் எடுபடாது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலை ஓரமாய்த் தள்ளுவண்டியை நிறுத்திக்கொள்வாள். விடிவதற்குள் 200 பொட்டலம் போய்விடும்.

"நஷ்டமில்லை அக்கா. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கையிலே காசு நிக்குது" என்றாள் என்னிடம்.

"எவ்வளவு நிற்கிறது?"

"நிக்குது."

இந்தப் பதிலைக் கேட்டுத்தான் நான் லாப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நிற்கிறது" என்ற வார்த்தை எனக்கு ஒரு தொகையாகப் படுவதில்லை. தங்கை மகள் தன் கல்லூரி லாப்டாப்பைக் கொண்டுவந்து, எக்ஸெல் என்கிற விரிதாளைத் திறந்து வைத்தாள்.

விரிதாள் என்பது வேறொன்றுமில்லை. கட்டம் கட்டமாய்க் கோடு போட்ட மளிகை நோட்டுத்தான். ஒரே ஒரு வித்தியாசம்: ஒரு கட்டத்தில் எண்ணை எழுதலாம், இன்னொரு கட்டத்தில் "அந்தக் கட்டத்தையும் இந்தக் கட்டத்தையும் பெருக்கிச் சொல்லு" என்று சூத்திரம் எழுதலாம். முதல் எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்கள் எல்லாம் தாமாகவே மாறிக்கொள்ளும்.

இது பிறந்த கதையும் ருசியானதுதான். 1978-ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் ஒரு பெரிய கணக்கு அட்டவணை இருக்கும். அதில் ஓர் எண் மாறினால் போதும், வாத்தியார் வரிசை வரிசையாய் அழித்து மறுபடி எழுத வேண்டும். பலகையே தானாகத் திருத்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்று மாணவருக்குத் தோன்றிற்று. பாப் பிராங்ஸ்டன் என்ற நண்பரோடு சேர்ந்து அதை அமைத்தார். 'விஸிகால்க்' என்ற பெயரில் 1979-இல் ஆப்பிள் கம்ப்யூட்டருக்காக அது வெளிவந்தது. எக்ஸெல் 1985-இல் வந்தது. அழித்து எழுதும் சலிப்பிலிருந்து பிறந்த சாமான் இது. நம் வீட்டு அம்மிக்கு மிக்ஸி வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

மகள் கேட்கக் கேட்கத் தாய் சொன்னாள். பொட்டலம் ஒன்று 40 ரூபாய். அரிசி, புளி, நல்லெண்ணெய், வேர்க்கடலை, மந்தாரை இலை, காஸ் எல்லாம் சேர்த்துப் பொட்டலத்துக்கு 24 ரூபாய். ஆக, ஒன்றுக்கு 16 ரூபாய் தேறுகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டியவை தனி: வண்டி வாடகை 500, உதவிக்கு இரண்டு பேர், ஆளுக்கு 400, ஆட்டோ 300. மொத்தம் 1,600. இருநூறு பொட்டலத்தில் 3,200 வருகிறது. அதில் 1,600 போனால் மீதி 1,600.

ஒரு பௌர்ணமிக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய். "நிக்குது" என்பதன் எண்ணிக்கை இதுதான். தங்கை ஒன்றும் பேசவில்லை.

இப்போது எதிர்த்திசையில் போக வேண்டும். எக்ஸெலில் 'டேட்டா' என்ற பகுதியில் 'வாட்-இஃப் அனாலிசிஸ்' என்று ஒன்று இருக்கிறது. "இப்படி ஆனால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பார்க்கும் இடம் அது. அதற்குள்ளே 'கோல் சீக்' என்று ஒரு சமாசாரம். இலக்கைத் தேடு என்று பொருள். அழுத்தினால் மூன்றே மூன்று கேள்வி கேட்கும். முதலாவது, எந்தக் கட்டத்தின் விடை மாற வேண்டும்? அந்தக் கட்டத்தில் சூத்திரம் இருக்க வேண்டும். நம் கணக்கில் அது வருஷ லாபம். இரண்டாவது, அது எவ்வளவாக வேண்டும்? 96,000. மூன்றாவது, அதற்காக எந்தக் கட்டத்தை நான் மாற்றலாம்? அந்தக் கட்டத்தில் சூத்திரம் இருக்கக் கூடாது. வெறும் எண்தான் இருக்க வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இந்த வசதி உண்டு.

கேட்டதும் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது தெரியுமா? ஊகிக்கிறது! ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கிறது. விடை எட்டவில்லை என்றால் இன்னோர் எண். கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்வாங்கி மற்றோர் எண். உப்புப் போட்டு ருசி பார்த்து மறுபடி போடுகிற மாதிரிதான். நாம் வேறு விதமாய்ச் சொல்லாவிட்டால் நூறு தடவை வரை இப்படிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். நமக்குக் கண் இமைக்கும் நேரம்.

இந்த வித்தையை வெள்ளைக்காரர்தான் கண்டுபிடித்தார் என்று எண்ண வேண்டாம். ஆரியபடர் கி.பி. 499-இல் இயற்றிய ஆரியபடீயத்திலேயே பின்னோக்கிப் போகும் விதி இருக்கிறது. விடையிலிருந்து திரும்பி நடக்கும்போது பெருக்கல் இருந்த இடத்தில் வகுக்க வேண்டும், கூட்டல் இருந்த இடத்தில் கழிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். 1150-ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியார் எழுதிய லீலாவதியிலோ இதுவும் உண்டு. ஏதாவது ஓர் எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்து, வந்த விடையைக் கொண்டு சரியான எண்ணைப் பிடிக்கும் முறையும் உண்டு. இஷ்ட கர்மம் என்று அதற்குப் பெயர்.

தங்கையிடம் பன்னிரண்டு பௌர்ணமி இருந்தது. 96,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் பௌர்ணமிக்கு 8,000. நாலு கேள்வி கேட்டோம்.

முதல் கேள்வி: மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், எத்தனை பொட்டலம் விற்க வேண்டும்? விடை: 600. ஆரியபடர் வழியில் நீங்களே சரிபார்க்கலாம். எட்டாயிரத்தோடு 1,600-ஐக் கூட்டி, 16-ஆல் வகுங்கள். "அறுநூறா? இருக்கிறது ஒரு அடுப்பு, ரெண்டு தவலை" என்றாள் தங்கை.

இரண்டாவது: அதே 200 பொட்டலம், விலையை என்ன வைக்க வேண்டும்? விடை: 72 ரூபாய். "நல்லா இருக்கே! நாலடி தள்ளி அன்னதானம் சும்மா போடறாங்க. எழுபத்திரண்டு ரூபாய்க்கு என் புளியோதரையை யார் வாங்குவாங்க?"

மூன்றாவது: விலையும் எண்ணிக்கையும் மாறாது, சாமான் செலவை எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும்? விடையைப் பார்த்துத் தங்கை மகள் பக்கென்று சிரித்தாள். மைனஸ் 8. அதாவது, அரிசிக் கடைக்காரரும் எண்ணெய்க் கடைக்காரரும் சாமானை இனாமாகக் கொடுத்ததோடு, பொட்டலத்துக்கு எட்டு ரூபாய் தட்சிணையும் வைக்க வேண்டும்! கம்ப்யூட்டருக்கு இதில் சிரிப்பு வராது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

நாலாவது கேள்வியைத் தங்கையே கேட்டாள். "எதையும் மாத்த வேணாம். இப்படியே போனா எத்தனை பௌர்ணமி ஆகும்?"

விடை: 60.

அறுபது பௌர்ணமி என்றால் ஏறக்குறைய ஐந்து வருஷம். அடகுக் கடைக்காரர் கொடுத்ததோ ஒரு வருஷம். எத்தனையோ காரியங்களை மனிதன் முயற்சியால் பெருக்கலாம். பௌர்ணமியைப் பெருக்க முடியாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுமார் இருபத்தொன்பதரை நாள். வருஷத்துக்குப் பன்னிரண்டு வரும். எப்போதாவது, 2023-இல் வந்த மாதிரி, பதின்மூன்று வரும். அதற்குமேல் ஒன்று கூட வேண்டுமென்றால் சந்திரனைத்தான் கேட்க வேண்டும்.

தங்கையின் முகம் வாடிப் போயிற்று. "இதைத் தெரிஞ்சுக்காமலே இருந்திருக்கலாம் அக்கா" என்றாள். அவள் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பன்னிரண்டாம் பௌர்ணமி கழித்து அடகுக் கடை வாசலில் தெரிந்துகொள்வதைவிட, முதல் பௌர்ணமிக்கு முன்னால் அடுக்களையில் தெரிந்துகொள்வது மேல் அல்லவா? முடியாது என்ற விடையும் ஒரு விடைதான். கைக்குள் இருக்கும் எண் எது, கைக்கு வெளியே இருக்கும் எண் எது என்று அது பிரித்துக் காட்டிவிடுகிறது.

பெரிய பெரிய காரியங்களும் இப்படி இலக்கிலிருந்து இறங்கித்தான் நடந்திருக்கின்றன. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்று சுமார் நூறு டாலர். ஏழைக்குக் கட்டுகிற விலை அதுவல்லவே? கட்டுகிற விலை எது என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அந்த விலையில் செய்வது எப்படி என்று பார்த்தார்கள். 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலை எழுந்தது. லென்ஸ் பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு லட்ச ரூபாய்க்குக் கார் என்று ரத்தன் டாடா இலக்கு வைத்தார். அந்த விலையிலிருந்து பின்னோக்கி வந்து, ஒவ்வோர் உறுப்பின் செலவையும் இழைத்து இழைத்துக் குறைத்து, 2008 ஜனவரியில் டில்லியில் நானோ காரை உலகுக்குக் காட்டினார்கள். 2009-இல் விற்பனைக்கும் வந்தது. என்ஜினியர்கள் போட்ட கணக்குப் பொய்க்கவில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவு ஜனங்கள் வாங்கவில்லை. "மலிவான கார்" என்ற பெயரே அதற்கு வினையாயிற்று என்றும் சொன்னார்கள். 2018-இல் உற்பத்தி நின்றது. விலை என்ற கட்டம் சரியாய் இருந்தது. வாங்குகிறவர் மனசு என்ற கட்டத்தில் யார் எதை எழுதுவது?

இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு தங்கையின் கணக்குக்கு வந்தேன். ஒரே கட்டத்தை இழுத்தால் ஒன்று 600, இல்லாவிட்டால் 72, இல்லாவிட்டால் மைனஸ் 8. கோல் சீக் ஒரு சமயத்தில் ஒரே கட்டத்தைத்தான் மாற்றும். ஆகவே மற்றக் கட்டங்களை நாமே யோசித்து, நம்பத் தகுந்த எண்களாய் நிரப்பிவிட்டு, கடைசியில் மிஞ்சும் ஒன்றை மட்டும் அதனிடம் கேட்க வேண்டும்.

யோசனை தங்கையிடமிருந்துதான் வந்தது. "அக்கா, நான் நிக்கிற இடத்துலே யாருக்கும் பசியே கிடையாது. கோயில்லேருந்து கிளம்பி ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. வீட்டுலே சாப்பிட்டு வந்தது அப்படியே வயித்துலே இருக்கும். மலைக்கு மேற்கே போய், வாயு லிங்கம் தாண்டி நின்னா, பத்து கிலோமீட்டர் போல நடந்து வந்திருப்பாங்க. ராத்திரி ஒரு மணிக்கு அங்கே வர்றவங்க கையைப் பார்க்கணும், தானாகவே மடியைத் தடவும்."

பாருங்கள், எங்கள் விரிதாளில் விலை இருந்தது, செலவு இருந்தது, எண்ணிக்கை இருந்தது. பசி என்ற வரி இல்லை. நாம் எழுதாத வரியைக் கம்ப்யூட்டர் தானாக எழுதிக்கொள்ளாது. அது பதினான்கு கிலோமீட்டர் நடந்து பார்த்ததில்லை, தங்கை நடந்திருக்கிறாள்.

இடம் மாறினால் 300 பொட்டலம் போகும் என்று அவள் மதிப்பிட்டாள். கூட ஒரு வடகமும் மாங்காய்த் துண்டும் வைத்து 50 ரூபாய் சொல்லலாம். செலவு 25 ஆகும். ஒன்றுக்கு 25 ரூபாய் தேறும். ஆட்டோ தூரமும் பொட்டலம் கட்ட இன்னொரு கையும் சேர்ந்து 400 ரூபாய் அதிகம். ஆக நிலையான செலவு 2,000. முந்நூறு பொட்டலத்துக்கு 7,500. அதில் 2,000 போக 5,500. பன்னிரண்டு பௌர்ணமிக்கு 66,000. இன்னும் 30,000 குறைகிறது.

அந்த முப்பதாயிரத்துக்குச் சந்திரனை நம்பாத சரக்கு வேண்டும். புளிக்காய்ச்சல்! கிரிவலம் வந்தவர் ஊருக்கு எடுத்துப் போகலாம். உள்ளூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் உதவும். பாட்டில் 100 ரூபாய்; கண்ணாடிக் குப்பியோடு செலவு 60; ஒன்றுக்கு 40 தேறும். இப்போது கோல் சீக்கைக் கேட்டோம்: வருஷ லாபம் 96,000 ஆக எத்தனை பாட்டில்? 750. மாதத்துக்கு அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. நாளுக்கு இரண்டு.

"ரெண்டே ரெண்டு பாட்டிலா?" என்று தங்கை மறுபடி மறுபடி கேட்டாள். தொண்ணூற்றாறாயிரம் என்ற மலை, பௌர்ணமி ராத்திரி முந்நூறு பொட்டலம், தினம் இரண்டு பாட்டில் என்று சின்னச் சின்னப் படிகளாய் இறங்கி அவள் அடுப்பங்கரைக்கே வந்துவிட்டது.

அப்போதுதான் தங்கை மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "பெரியம்மா, இதுலே ஒரு செலவை நீங்க எழுதவே இல்லை."

"என்ன செலவு?"

"உதவிக்கு வர்ற ஆளுக்குக் கூலி இருக்கு. வண்டிக்கு வாடகை இருக்கு. பௌர்ணமி அன்னிக்கு மத்தியானத்துலேருந்து மறுநாள் காலை நாலு மணி வரைக்கும் நிக்கிறது அம்மா. அம்மா கூலி எங்கே?"

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து காலை நாலு வரை பதினாறு மணி நேரம். எத்தனை வீடுகளில், எத்தனை வியாபாரங்களில் இந்த ஒரு வரி விட்டுப்போகிறது! வடகம் பிழிகிறவள், ஊறுகாய் போடுகிறவள், ரவிக்கை தைக்கிறவள் எல்லாரும் மற்ற எல்லாச் செலவையும் எழுதிவிட்டுத் தன்னை மட்டும் இனாமாய்ச் சேர்த்துவிடுகிறாள். பிறகு "லாபம்" என்று சந்தோஷப்படுகிறாள். அந்த லாபத்தில் பாதி அவள் வாங்காத கூலி!

"சொந்த வேலைக்கு யாராவது கூலி எழுதுவாங்களா? பைத்தியமே!" என்று தங்கை கோபித்துக்கொண்டாள்.

மகள் விடவில்லை. "நீ ஒரு பௌர்ணமிக்குப் படுத்துட்டா உன் இடத்துலே யாரை நிறுத்துவே? அவங்களுக்குக் கொடுக்க மாட்டியா?"

தங்கை பதில் சொல்லவில்லை. 'என் கூலி, 500' என்று ஒரு வரி ஏறிற்று. பௌர்ணமி லாபம் 5,000 ஆயிற்று, வருஷத்துக்கு 60,000. குறைவு 36,000. பாட்டில் 900. மாதத்துக்கு எழுபத்தைந்து, நாளுக்கு இரண்டரை. அரை பாட்டில்தான் கூடிற்று. அந்த அரை பாட்டிலின் விலைக்கு ஒரு பெண்ணின் பதினாறு மணி நேர உழைப்பு கணக்குப் புத்தகத்தில் இடம் பிடித்தது.

கடைசியாக, கெட்ட காலத்துக்கும் ஒரு கேள்வி கேட்டு வைத்தோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும் ஊர் இது. 2024 டிசம்பர் முதல் தேதி பெருமழையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர் போனதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதற்கும் முன்னால், 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் கொரோனாவினால் கிரிவலமே நின்றிருந்தது. பௌர்ணமி பன்னிரண்டுக்குப் பதில் பத்தானால்? 50,000 வரும், பாட்டில் 1,150 விற்க வேண்டும், நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேல். முடியாத காரியமில்லை. எக்ஸெலில் நல்ல காலம், நடுக்காலம், கெட்ட காலம் என்று இம்மாதிரி நிலைமைகளுக்குப் பெயரிட்டுத் தனித்தனியே சேமித்து வைக்கவும் வழி உண்டு. தங்கை மகள் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி அரிசி டின்னுக்கு மேலே ஒட்டினாள்.

உணவுப் பண்டம் விற்பவர், எவ்வளவு சிறிய வியாபாரியானாலும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அதையும் முறையாய்ச் செய்தாள். 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் மந்தாரை இலையே துணை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி உள்ளது உள்ளபடி எண்களைக் கட்டத்தில் நிரப்பி, மீதி எத்தனை பாட்டில் என்று மகள் மறுபடி கேட்பாள். முதல் இரண்டு மாதம் பாட்டில் தூங்கிற்று. மூன்றாவது மாதம் ஒரு பெண்கள் விடுதியிலிருந்து வாடிக்கை வந்தது. இரண்டு பௌர்ணமி மழையில் கரைந்தது. வாயு லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி 340 பொட்டலம் போயிற்று.

தங்கையின் 500 ரூபாய் மட்டும் தவறாமல் ஒவ்வொரு பௌர்ணமி மறுநாளும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போயிற்று. அவள் வேண்டாம் என்றாலும் மகள் போட்டுவிடுவாள்.

பன்னிரண்டாம் பௌர்ணமி முடிந்து கூட்டிப் பார்த்தபோது 91,700 இருந்தது. 4,300 குறைவு. தங்கை ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தாள். பன்னிரண்டு ஐந்நூறு, ஆறாயிரம் ரூபாய். அதிலிருந்து 4,300-ஐ எண்ணி எடுத்து மேலே வைத்தாள். அன்றைக்கே வளையல் வீட்டுக்கு வந்தது.

"கடைசியிலே அம்மா கூலி அம்மா நகைக்கே போயிடுச்சே!" என்று நான் சொன்னேன்.

"போகலை அக்கா" என்றாள் தங்கை. "வியாபாரத்துக்குக் கைமாத்துக் கொடுத்திருக்கேன். திருப்பித் தரணும்." மகளைக் கூப்பிட்டு, லாப்டாப்பைத் திறக்கச் சொல்லி, அடுத்த வருஷக் கணக்கின் முதல் வரியை அவளே சொன்னாள்:

'எனக்குத் தர வேண்டியது, 4,300.'